நாகலெட்சுமி வீட்டு டிவி

கிஷாந்த் படியேறும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு டிவி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

கரண்டு போய் ஒரு மணி நேரமாகிறது.

பிரேமினி சிரித்துக்கொண்டாள். ராகலையிலிருந்து இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து மூன்று மாதம். தினமும் நாலரைக்கு அவள் புருஷன் கிஷாந்த் வாசலில் கால் வைத்தால் போதும், அடுத்த வீட்டு நாகலெட்சுமி அக்கா டிவியை அலறவிடுவாள். சீரியலோ சிங்கள விளம்பரமோ, எதுவானாலும் சரி.

அக்காவுக்குக் காது மந்தம் என்றுதான் முதலில் நினைத்தாள். காது மந்தமென்றால் தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் அவ்வளவு ஊர்வம்பு பேச முடியாது.

பிறகுதான் புரிந்தது. வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் வீட்டுக்கு வீடு நடுச்சுவர் கூரைவரைக்கும் போவதில்லை. இங்கே தும்மினால் அங்கே கேட்கும். புது ஜோடி கூச்சமில்லாமல் பேசட்டும் என்று அக்கா காட்டுகிற தாராளம் அது. நினைத்தாலே பிரேமினிக்கு வெட்கமாக வரும்.

கிஷாந்த் குடிப்பதில்லை. பெண் கேட்டு வந்தபோது அப்பா விசாரித்ததும் அது ஒன்றைத்தான். முதல் பெண்டாட்டி ஜீவராணி கோபித்துக்கொண்டு போனவள் திரும்பவில்லை என்றார்கள். என்ன கோபம் என்று யாரும் கேட்கவில்லை.

மூன்று மாதத்தில் ஒரு சுடுசொல் கிடையாது. வேலைக்குப் போக வேண்டாம் என்பதைக்கூடச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். இரண்டு தடவை.

அந்த வேலைக்குத்தான் இன்று காலையில் அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தாள். கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் பார்த்துக்கொள்ளும் வேலை.

தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். வெளியே மழையும் இல்லை, காற்றும் இல்லை. அவன் எழுந்தபோது கட்டில் கிறீச்சிட்டது லயம் முழுக்கக் கேட்டிருக்கும்.

சுவருக்கு மேலாக நாகலெட்சுமி அக்காவின் குரல் வந்தது. ரகசியக் குரல்தான்.

"பாப்பா, காதப் பொத்திக்க."



அக்காவின் மகள் பாப்பாவுக்கு ஐந்து வயசு. ரகசியமாகப் பேசத் தெரியாது.

"இந்தப் புது அத்தையயும் அடிப்பாங்களாம்மா?"



கிஷாந்த்துக்கும் அது கேட்டது. அவன் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டான்.

பயத்தில் பிரேமினிக்கு வேறெதுவும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை. கரண்டு மட்டும் வந்துவிடக் கூடாது, சாமி.

தலைக்கு மேலே பல்பு எரிந்தது.

பக்கத்து வீட்டு டிவி அலறத் தொடங்கியது.