வாய் எடுக்காத மனுசன்

"அக்கா, உங்கட மனுசன் புளியங்கூடல் சைவக் கோயில் திருவிழாவில நிக்கிறார். மேலில சட்டையும் இல்லை. மேளக்காரரோட நிண்டு ஊதுறார்!"

மாதா கோயிலில் மணி அடிக்கிற தம்பிராசா வேலிக்கு மேலால் தலையை நீட்டிச் சொன்னதுதான் தாமதம், கிறேசம்மாவின் கையிலிருந்த அகப்பை குழம்புச் சட்டிக்குள் விழுந்தது.

ஒன்பது நாளாகப் பின்னேரமானால் ஆளைக் காணக்கிடையாது. கேட்டால், "தோணிக்குக் கீல் பூசப் போறன்."

"ஐயோ, எங்கட மாதா கோயில் சாமியார் அறிஞ்சால் கோயில் கிளாரினெட்டைப் பறிச்சுப்போடுவாரே!"

பறிக்கக் காரணம் ஏற்கெனவே இருந்தது. போன வருஷ மாதா பெருநாளில், அவளுடைய மனுசன் கிறிஸ்தோப்பர் கிளாரினெட்டை நீட்டி இழுக்க வேண்டிய இடத்தில் பக்கத்தில் சீனவெடி வெடித்தது. மூச்சு அறுந்தது. மாதாவின் பாட்டு "ம்ம்மே!" என்று முடிந்தது.

தம்பிராசா அன்று தொடக்கம் சந்திக்குச் சந்தி அந்த "ம்ம்மே"யைச் செய்துகாட்டாத நாளில்லை.

"இந்த முறையும் அறுந்தால் வாத்தியம் வேற ஆளுக்கு" என்று சாமியாரும் சொல்லிவிட்டார். கிறிஸ்தோப்பர் சோறில்லாமல் இருப்பார்; கிளாரினெட் இல்லாமல் இருக்கமாட்டார்.

கிறேசம்மா வண்டில் பிடித்துப் பறந்தாள்.

சுவாமி வெளிவீதி வந்துகொண்டிருந்தது. முன்னுக்கு நாதஸ்வரக்காரர் மார்க்கண்டு. பின்னுக்கு, கன்னம் இரண்டும் பேத்தை மீனாய் உப்ப, ஒரே சுரத்தை ஓயாமல் ஊதுகிற ஒத்துக் குழலோடு அவளுடைய மனுசன்!

"இதுதானோ தோணி? இதுதானோ கீல்?"

"ங்ங்ஙீஈஈஈ..." என்றது ஒத்து.

"உங்களோடதான் கதைக்கிறன்! மறுமொழி சொல்லுங்கோவன்!"

"ங்ங்ஙீஈஈஈ..."

ஒத்து நின்றால் கச்சேரியே நின்றுவிடும். பாவம், மனுசன் முழியை மட்டும் உருட்டினார். கலியாணம் கட்டிப் பதினெட்டு வருஷத்தில் இப்படியொரு வசதி கிறேசம்மாவுக்குக் கிடைத்ததில்லை. மேயாத கூரையில் தொடங்கி மாமியார் வரைக்கும் போனாள். தெற்கு வீதி முடிந்தது. மேற்கு வீதியும் முடிந்தது. தவில்காரர் அவளுடைய ஏச்சுக்கே தாளம் போடத் தொடங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் பிடித்தது. ஊரே பார்த்ததே! விடிந்ததும் சாமியாரிடம் ஓடினாள்.

"சாமி, அவரை மன்னிச்சுப்போடுங்கோ. விபூதி பூசேல்லை, கும்பிடேல்லை, ஊதினது மட்டுந்தான். கிளாரினெட்டை மட்டும் பறிக்காதேங்கோ."

சாமியார் கண்ணாடியைக் கழற்றினார்.

"எவ்வளவு நேரம் ஏசினனீர்?"

"ரெண்டு வீதி, சாமி."

"ரெண்டு வீதியிலயும் ஒத்து ஒருக்காலெண்டாலும் அறுந்ததோ?"

கிறேசம்மா யோசித்தாள். "இல்லை, சாமி. அந்த மனுசன் வாயே எடுக்கேல்லை."

சாமியார் மேசையில் ஓங்கித் தட்டினார். "அப்ப கிளாரினெட் அவருக்குத்தான்!"

"சாமி?"

"நான்தான் அவரை மார்க்கண்டுவிட்ட அனுப்பினனான். ஒத்து ஊதுற ஆள் வாயால ஊதிக்கொண்டே மூக்கால மூச்சு இழுக்கவேணும். பத்து நாள் அதைப் பழகினால் கிளாரினெட்டிலயும் மூச்சு அறாதெண்டு மார்க்கண்டு சொன்னார்."

"எனக்கொரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, சாமி! அந்தாளை நான் என்னெல்லாம் ஏசிப்போட்டன்!"

"சொன்னால் நீர் ஏசியிருக்கமாட்டீரே. இப்ப மூச்சு அறாதெண்டு எனக்குத் தெரியும். ஆள் திடுக்கிட்டாலும் அறாதோ எண்டுதான் தெரியவேண்டிக் கிடந்தது. அவையின்ர திருவிழாவுக்குள்ள நான் போய்ச் சீனவெடி கொளுத்த ஏலுமோ?"

சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு கண்ணாடியைத் திரும்ப மாட்டினார்.

"அதுதான் தம்பிராசாவை உம்மட்ட அனுப்பினனான்."