நாலாவது டம்ளர்

தொல்லியல் ஆய்வாளர் தோண்டக் கிளம்பும்போதெல்லாம் வீட்டில் ஒரு டம்ளர் காணாமல் போனது. இது நாலாவது.

"எங்கேயோ இன்னொரு குடித்தனம் வச்சிருக்காரு. சாமான் ஒண்ணொண்ணா போகுது பாரு," என்றாள் மனைவியின் அக்கா.

"என் பேர் வெட்டின டம்ளர்லயா அவ தண்ணி குடிக்கிறா?"

மனைவி அன்றே பஸ் ஏறினாள்.

தோண்டும் இடத்தில் ஒரு மாத வேலை அன்றோடு முடிந்திருந்தது. கணவர் ஆளுயரக் குழிக்குள் இறங்கி, பையிலிருந்த டம்ளரை அடியில் வைத்துவிட்டு ஏறினார். ஆட்கள் மண்ணைத் தள்ளத் தொடங்கினார்கள்.

"என்னங்க இது கூத்து?"

கையும் களவுமாகப் பிடிபட்டவர் அசடு வழிந்தார். "குழியை மூடுறப்ப நம்ம காலத்துச் சாமான் ஒண்ணை அடியில போடுவோம். பின்னால தோண்டுறவனுக்கு, இது ஏற்கெனவே தோண்டின இடம்னு தெரியணும்ல? மத்தவங்க காசு போடுவாங்க. நான்... ராஜாக்களைப் பத்தியே புத்தகம் எழுதுறேன். ஆயிரம் வருஷம் கழிச்சு உன் பேரும் கிடைக்கட்டுமேன்னு..."

அவள் குழியை எட்டிப் பார்த்தாள்.

"நிறுத்துங்கப்பா!" என்று ஆட்களை அதட்டினாள். "அந்த நெளிஞ்ச டம்ளரை முதல்ல வெளியே எடுங்க. பாக்கறவன் என் குடித்தனத்தைப் பத்தி என்ன நினைப்பான்?"