மாரக்காள் படித்த ஜெர்மன்

“தொரை உன் கையைப் புடிச்சு இழுத்தாரா, இல்லையா? அதை மட்டும் சொல்லு.”

கேட்டவர் மில் மேஸ்திரி கைலாசம். மாரியம்மன் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம் கூடியிருந்தது. நடுவில் தனியாக நின்றாள் மாரக்காள்.

“புடிச்சாருங்க,” என்றாள் அவள்.

கூட்டம் சலசலத்தது. இல்லவே இல்லை என்று சாதிப்பாள், அழுவாள், காலில் விழுவாள் என்றெல்லாம் எதிர்பார்த்து வந்தவர்களுக்குப் பெரிய ஏமாற்றம்.

விஷயம் இதுதான். முப்பத்தேழாம் வருஷம் சேலத்துக்குப் பக்கத்தில் புதிதாக எழும்பிய நூல் மில்லில், மிஷின் மாட்ட ஜெர்மனியிலிருந்து ஒரு துரை வந்திருந்தார். தமிழ் அறவே தெரியாது. இங்கிலீஷும் அரைகுறைதான். அந்தத் துரையிடம் மாரக்காள் ஜெர்மன் பாஷை கற்றுக்கொண்டிருந்தாள்.

வீட்டுத் தறி ஓடாமல், மில்லுக்குக் கழிவுப் பஞ்சு பொறுக்கப் போகிறவளுக்கு ஜெர்மன் எதற்கு? மத்தியான மணி அடித்ததும் மற்றவர்கள் சோற்றுத் தூக்குப்போசியைத் திறப்பார்கள். இவள் மட்டும் நின்றுபோன மிஷின் பக்கத்தில் துரையோடு நிற்பாள். அவர் ஒன்று சொல்வார், இவள் திருப்பிச் சொல்வாள். காலையில் அவரைக் கண்டால் “கூட்டன் மோர்கன்” என்று கும்பிடு வேறு போடுகிறாளாம்.

வீட்டிலோ, அதே மில்லில் வலது கையைப் பறிகொடுத்த புருஷன் தங்கசாமி. போன ஆடியில், ஓடுகிற மிஷினில் சிக்கிய பஞ்சை எடுக்கப் போய்க் கை போயிற்று. இடது கையால் சாப்பிட இப்போதுதான் பழகிக்கொண்டிருந்தான்.

ஊர் சும்மா இருக்குமா? பேசியது. பேச்சுக்கு அடங்குவாள் என்று பார்த்தால், மாரக்காள் மில்லுக்கு வரும் மற்றப் பெண்களையும் சாயங்காலம் வீட்டுக்குக் கூப்பிட்டு அந்தப் பாஷையைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். அதற்கு மேல் கைலாசத்துக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்தைக் கூட்டிவிட்டார்.

ஊர்ப் பெரியதனக்காரர் சண்முகவேல் நிதானமான மனிதர். இனிமேல் துரை இருக்கும் பக்கமே போவதில்லை என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தால் போதும், இத்தோடு விட்டுவிடலாம் என்றார். மறுத்தால் ஊர்விலக்கு. கிணற்றில் தண்ணீர் கிடைக்காது, நல்லது கெட்டது எதற்கும் ஒருவரும் வாசல் மிதிக்க மாட்டார்கள். கை இல்லாத புருஷனை வைத்துக்கொண்டு என்ன பாடு படுவாள் என்பதை அவளே யோசித்துக்கொள்ளட்டும் என்றும் சொன்னார்.

தட்டில் கற்பூரம் ஏற்றிக் கொண்டுவந்து அவள் முன்னால் நீட்டினார்கள். மாரக்காள் கையை அசைக்கவில்லை.

“சத்தியம் பண்ண மாட்டனுங்க. நாளைக்கும் போவனுங்க. இன்னும் படிக்க வேண்டியது நெறையக் கெடக்குதுங்க.”

“கை போன புருசன் வேலைவெட்டி இல்லாமக் கெடக்கறான். உனக்குப் படிப்புக் கேக்குதா?” என்றார் கைலாசம்.

“அதுக்குத்தானுங்க படிக்கறேன்.”

யாருக்கும் அது விளங்கவில்லை. திமிர் என்பது மட்டும் நன்றாக விளங்கியது. துரை அப்படி என்னதான் கற்றுக்கொடுத்தார், பெரியவர்கள் காதில் போட்டுக்கொள்ளக்கூடிய பேச்சாக இருந்தால் ஊர் முன்னால் சொல்லட்டும் என்று கைலாசம் சவால் விட்டார். பின்னால் நின்ற இளவட்டங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

மாரக்காள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

“ஹால்ட்! ஹெண்ட வெக்!”

முன்வரிசைப் பெரியவர்கள் அரண்டு பின்வாங்கினார்கள். கூட்டத்தின் ஓரத்தில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த தங்கசாமி, விருட்டென்று எழுந்துவிட்டான்.

“இதே சத்தந்தானுங்க,” என்றான். “அன்னிக்கு மிஷின்கிட்ட தொரை கத்துனது இதே சத்தந்தானுங்க.”

சண்முகவேலுக்குக் குரல் இறங்கிவிட்டது. “அதுக்கு என்ன அர்த்தம், அம்மணி?”

“நிறுத்து, கையை எடுன்னு அர்த்தமுங்க. எனக்கு வெளங்கற வரைக்கும், மிஷின் மேல வெச்ச கையைப் புடிச்சு இழுத்து இழுத்துக் காட்டுனாரு. ஊரு பார்த்தது அதைத்தானுங்க. இன்னும் எத்தனையோ மிஷின் மாட்டப் போறாங்க. எங்க பொம்பளைக அத்தனை பேருக்கும் இது தெரியற வரைக்கும் நான் உடமாட்டனுங்க.”

சிரித்த இளவட்டங்களைக் காணோம். கற்பூரத் தட்டைப் பிடித்திருந்தவர் அதை மெல்லக் கீழே வைத்துவிட்டார்.

கைலாசம் மட்டும் விடுவதாயில்லை. எந்தப் பாஷையாக இருந்தால் என்ன, துரை அவ்வளவு பதறிக் கத்தும்போது தங்கசாமி கையை வெளியே எடுத்திருக்க வேண்டாமா, பச்சைக் குழந்தையா அவன் என்று கேட்டார்.

தங்கசாமி மாரக்காளைப் பார்த்தான். அவன் இத்தனை மாதமாகவே அதைப் பற்றி யாரிடமும் வாயைத் திறந்ததில்லை, பெண்டாட்டியைத் தவிர.

மாரக்காள் கைலாசத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

“கையை எடுக்கத்தானுங்க போனாரு. ‘தொரை திட்டறாரு, வெரசாக் கையை உள்ள உடுடா’ன்னு பக்கத்துல நின்னு அர்த்தம் சொன்னது நீங்கதானுங்களே, மேஸ்திரி.”