கொள்ளிக்குடம்

சிதையில் கிடந்த கிழவருக்குப் பல்லெல்லாம் கொட்டியிருந்தது. கொள்ளிக்குடம் சுமந்து நின்ற வைரவனுக்கோ தலையில் ஒரு நரைகூட இல்லை.

"பேரன் கையால கொள்ளி வாங்கறதுக்கு உங்க தாத்தா கொடுத்து வச்சிருக்கணும் தம்பி" என்றார் மயானத்துக்காரர், குடத்தில் ஓட்டை போட்டபடி.

"தாத்தா இல்லீங்க. என் கடைசிப் பையன்."

துக்கத்தில் உளறுகிறான் என்று நினைத்து, அவர் அடுத்த சுற்றுக்குக் கை காட்டினார்.

குடத்துத் தண்ணீர் தோளில் வழிந்தது. அந்தத் தோளில் உட்கார்ந்துதான் பையன் தேர் பார்த்தான். சாகாவரம் கேட்ட அன்று, பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கேட்க வைரவனுக்குத் தோன்றவில்லை.

சுற்றி முடித்து, குடத்தைப் பின்னால் போட்டு உடைத்து, சிதையைப் பார்க்காமலே கொள்ளி வைத்தான்.

"திரும்பிப் பாக்காம நேரா போயிட்டே இருங்க தம்பி" என்றார் மயானத்துக்காரர்.

வைரவன் நகரவில்லை.

"எதுவரைக்குங்க?" என்று கேட்டான்.