ஆள்காட்டிக்குத் தொண்டை கட்டியது

ஏரிக்குக் கீழே இருந்த பொட்டலில் இரண்டு ஆள்காட்டிக் குருவிகள் பக்கத்துப் பக்கத்தில் குஞ்சு பொரித்திருந்தன. அம்மா கத்தினால் குஞ்சுகள் தரையோடு தரையாகப் படுத்துவிட வேண்டும். ஆள்காட்டி வீட்டுச் சட்டம் அது.

மூத்த குருவிக்கு எதைக் கண்டாலும் பதற்றம். ஆடு வந்தால் கத்தும். சருகு உருண்டால் கத்தும். மேகத்தின் நிழல் போனாலும் கத்தும். அதன் குஞ்சுகள் பாதிப் பூச்சியை வாயில் வைத்துக்கொண்டே படுத்துக் கிடந்தன.

"பருந்து வந்தா மட்டும் கத்துனா போதாதா அக்கா?" என்றது பக்கத்துக் குருவி. அதன் குஞ்சுகள் எங்கேயோ சேற்றில் ஓடிக்கொண்டிருந்தன.

"உன் பிள்ளைங்களைப் பாரு, ஒண்ணாவது பேச்சு கேட்குதா? என் பிள்ளைங்க ஒரு சத்தத்துக்குக் கல்லு மாதிரி கிடக்கும்."

ஒரு நாள் ஏரி மதகைத் திறந்துவிட்டார்கள். பொட்டலில் தண்ணீர் பரவியது. பக்கத்துக் குஞ்சுகள் தாமாகவே மேட்டுக்கு ஓடிவிட்டன.

மூத்த குருவி மேட்டில் நின்று, "ஓடி வாங்கடா!" என்று கத்தியது. அதன் குஞ்சுகள் படுத்தன. இன்னும் உரக்கக் கத்தியது. இன்னும் ஒட்டிப் படுத்தன. தண்ணீர் வயிற்றைத் தொட்டது.

கத்திக் கத்திக் குருவிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

ஒரு குஞ்சு தலையைத் தூக்கியது. "அம்மா சத்தத்தையே காணோமே! அம்மாவுக்கு என்னமோ ஆயிடுச்சு!"

மூன்றும் பதறி எழுந்து, அம்மாவைத் தேடி மேட்டுக்கு ஓடிவந்தன.

அங்கே ஒரு சருகு உருண்டது. அம்மா சட்டென்று வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை.

குஞ்சுகள் சருகைத் துரத்திக்கொண்டு ஓடின.