ஆறாவது டேக்

காலையில் பால் காய்ச்சினேன். ஒரு டம்ளர் காபி போட்டுக் குடித்தேன். திருநின்றவூரில் ஏழு இருபது ரயிலைப் பிடித்து, ஒன்பது மணிக்கு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். மொபைல் சண்டை கேமில் வருகிறவர்களை உதைக்க வைப்பதும் விழ வைப்பதும் என் வேலை.

போன வாரம் சேர்ந்த டீம் லீடர் அர்ஷத் என் நாற்காலியை எட்டி உதைத்தான்.

“இன்னாய்யா இது? வயித்துல உதை வாங்குற பொண்ணு இன்னாத்துக்குத் தலையப் புடிச்சிக்கினு உழுறா? அதுவும் கால் மேல படுறதுக்கு முன்னாடியே! சீரியல் நடிப்பு. மாத்து.”

“மாத்த மாட்டேன்.”

“உங்கப்பன் ஊட்டு கேமா? மாத்தலன்னா பையத் தூக்கிக்கினு கெளம்பு.”

“வீடியோவப் பார்த்து அப்படியே செஞ்சிருக்கேன்.”

“எவ நடிச்சா? காட்டு.”

போனைக் கொடுத்தேன். எங்கள் மொட்டை மாடி. என் மனைவி பூமிகா, கராத்தே மாஸ்டர். எனக்காக ஐந்து தடவை வயிற்றைப் பிடித்து விழுந்து காட்டினாள். ஆறாவது தடவை தலையைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள்.

“அஞ்சும் நல்லாத்தான இருக்கு? ஆறாவதுதான் ஓவர். ஊட்டுக்குப் போயி திரும்ப நடிக்கச் சொல்லு.”

“அன்னைக்கே செத்துட்டா. மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிருந்துது.”

அவன் கையில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அதில் என் குரல் சிரித்தது.

“சூப்பரா நடிக்கிற பூமி! எழுந்துக்காத, கிட்ட வந்து எடுத்துக்கிறேன்.”

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

“நடிக்கலபா. நெசமாவே வலிக்குது.”