ஐயா, அந்தக் குழி?

"ஐயா, நம்ம ரோட்டுல அந்தக் குழி இன்னும் வாயைப் பொளந்துக்கிட்டு கிடக்கே, உங்களுக்கு வெக்கமா இல்லையா?"

லவான் டொலெஃப்சன் இப்படிக் கேட்டதும், எதிரே காபி குடித்துக்கொண்டிருந்த அவள் கணவர் ஆர்விடுக்குப் புரையேறியது.

"யாரைப் பாத்து ஐயாங்கற? கல்யாணத்தன்னிக்குக் கூட நீ என்னை அப்படிக் கூப்பிடலையே!"

"அட, இது ஒத்திகைப்பா. நீ ஊராட்சி உறுப்பினர்னு வச்சுக்க. நான் கேள்வி கேப்பேன். நீ பதில் சொல்லணும்."

விஷயம் இதுதான். பேரன் எடுக்கிற வயதில் லவானுக்குப் பள்ளி ஆசிரியை ஆகும் ஆசை வந்து, கல்லூரியில் சேர்ந்திருந்தாள். மற்ற பாடங்களையெல்லாம் எப்படியோ தாண்டிவிட்டாள். 'அமெரிக்க அரசாங்கம்: ஓர் அறிமுகம்' மட்டும் காலை வாரியது. இடைத்தேர்வில் செனட்டின் வேலையை நீதிமன்றத்துக்கும், நீதிமன்றத்தின் வேலையைச் செனட்டுக்கும் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

இனி ஒரே வழிதான். மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த யாராவது ஒருவரைப் பேட்டி கண்டு, அந்த ஒலிப்பதிவை இன்று மாலைக்குள் பேராசிரியருக்கு அனுப்ப வேண்டும். தவறினால் பாடத்தில் ஃபெயில். ஆசிரியர் பயிற்சிக்குக் கிடைத்த இடமும் போச்சு.

பாவம், அவளும் அலையாத இடமில்லை. அமெரிக்கக் காங்கிரஸ் சபை உறுப்பினரின் அலுவலகத்தில் இயந்திரம்தான் பேசியது. பக்கத்து ஊர் மேயருக்குத் தொண்டைக்கட்டு என்றார்கள். அந்தத் தொண்டைக்கட்டோடு அவர் ஃபுளோரிடா கடற்கரையில் வெயில் காய்வதாக அவருடைய மச்சினியே சொன்னது தனிக் கதை.

"சரி, நிஜமா யாரைப் பேட்டி எடுக்கப்போற?" என்றார் ஆர்விட்.

"நம்ம புது ஊராட்சி உறுப்பினரைத்தான். யாருன்னு நேத்துதான் தெரிஞ்சது. கொஞ்சம் முன்கோபி. அதான் முன்னாடியே பழகிக்கறேன்."

"யாரு அந்த ஏமாளி? இத்தனை வருஷம் உறுப்பினரா இருந்த ஹார்லன் இனிமே முடியாதுன்னு ஒதுங்கினதும் ஒருத்தனும் போட்டிக்கே நிக்கலையே?"

"செவ்வாய்க்கிழமை ஓட்டுப் போட வந்திருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்கும். நீதான் சோபாவுல குறட்டை விட்டியே."

"நிக்கவே ஆளில்லாத தேர்தலுக்கு, அந்தப் பனிப்புயல்ல, உன்னை மாதிரி பைத்தியம்தான் போகும்!"

லவான் காபிக் கோப்பையை ஒதுக்கினாள். கைப்பேசியைச் சர்க்கரைக் கிண்ணத்தில் சாய்த்து வைத்து, பதிவு செய்யும் பொத்தானைத் தட்டினாள். "என் குரல் எப்படி இருக்குன்னு கேக்கணும். ஆரம்பிக்கலாமா, ஐயா?"

ஆர்விடுக்கு வேஷம் பிடித்துப்போயிற்று. வடக்கு மினசோட்டாவிலேயே அரசாங்கத்தைத் திட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. செருமிக்கொண்டு, சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஐயா, கூட்டாட்சின்னா என்ன?"

"மத்திய அரசு, மாநிலம், மாவட்டம், ஊராட்சி நாலும் ஒண்ணா நின்னு ஒரு குழியை வேடிக்கை பாக்கறது."

லவான் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "அந்தக் குழியை நீங்க என்ன பண்ணப்போறீங்க?"

"மண்ணு காயற அன்னிக்கே என் டிராக்டரை எடுத்துட்டுப் போய், நானே ஜல்லி கொட்டி மூடுவேன். டொலெஃப்சன் சொன்னா சொன்னதுதான்!"

"பனி தள்ளற வேலை?"

"அந்த ஹார்லன் மாதிரி ரோட்டுப் பனியையெல்லாம் அடுத்தவன் வீட்டு வாசல்ல குவிச்சுட்டு ஓடமாட்டேன். எல்லார் வாசலையும் சுத்தம் பண்ணிட்டுத்தான் காபியையே தொடுவேன்."

"ஜனங்க நேரங்கெட்ட நேரத்துல போன் பண்ணாங்கன்னா?"

"சிரிச்ச முகமா எடுப்பேன்."

சொந்தத் தங்கை கூப்பிட்டாலே எடுக்காத மனிதர் இவர். லவான் அதைக் கிளறவில்லை.

"மக்களுக்குக் கடைசியா ஒரு வார்த்தை, ஐயா?"

ஆர்விட் மேஜையைத் தட்டினார். "குறை சொல்றவன் முதல்ல இறங்கி வேலை செய்யணும்!"

லவான் கைப்பேசியை எடுத்து என்னவோ தட்டினாள். பிறகு 'ஐயா, ஐயா' என்று முணுமுணுத்தபடி, உருளைக்கிழங்கும் இறைச்சியும் அடுக்கிய தட்டை ஓவன் அடுப்புக்குள் தள்ளினாள்.

"அதான் ஒத்திகை முடிஞ்சுபோச்சே, இன்னும் என்ன வாய்க்குள்ள ஐயா ஐயான்னு?"

"இருக்கட்டும் ஐயா, பழகிடுச்சு."

கதவு தட்டும் சத்தம் கேட்டது. சேறு அப்பிய பூட்ஸோடு ஹார்லன் உள்ளே வந்து, ஒரு சாவிக்கொத்தை மேஜைமேல் போட்டார்.

"வாழ்த்துப்பா ஆர்விட்! பனி தள்ளற வண்டி இனிமே உன்னுது. கிளட்ச் கொஞ்சம் மக்கர் பண்ணும், பாத்து ஓட்டு."

"எனக்கு எதுக்குய்யா அது?"

"ஓட்டுச்சீட்டுல பேரே இல்லாம வெறும் கோடுதானே இருந்துச்சு? அதுல யார் பேரை வேணா எழுதலாம். முக்கால்வாசிப் பேர் ஒண்ணும் எழுதலை. எவனோ தன் நாய் பேரை எழுதியிருந்தான், அதுக்கு ஒரு ஓட்டு. உனக்கு ரெண்டு. ஒண்ணு நான் போட்டது. இன்னொண்ணு எந்தப் புண்ணியவதியோ! நேத்தே போன் பண்ணி உன் வீட்டம்மாகிட்ட சொன்னேனே, சொல்லலையா?"

ஆர்விட் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"பேட்டி பேராசிரியருக்குப் போய்ச் சேந்தாச்சு" என்றாள் லவான். அந்த நேரம் பார்த்துச் சுவரிலிருந்த தொலைபேசி அலறியது. அவள் ரிசீவரை எடுத்துக் கேட்டுவிட்டு, ஒரு கையால் பொத்தியபடி அவரிடம் நீட்டினாள்.

"குழியைப் பத்திதானாம். சிரிச்ச முகமாப் பேசுங்க, ஐயா!"